வேண்டாத அலையை விலக்கும் அலைவாங்கி



மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடுகின்றன என்னும் செய்தி பல தேசத்தாரும் அறிந்தது. நிலாக் காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தின் அயலில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் அவ்விசை கேட்கும் என்று வாவிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றனர். 1950ஆம் ஆண்டுகளில் இங்கே கல்விப்பணி புரிந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியர் நீருள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவுஞ் செய்தனர். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. அது இன்றைய பேச்சுக்குரிய பொருளும் அன்று. இங்கு நோக்கத்தக்கது அந்தத் துடுப்பு. பாலத்தின்மேல் வண்டி ஓடும் ஓசை, காற்றின் இரைச்சல், கரையில் நிற்போரின் பேச்சு ஆகிய யாவும் காற்றின் வழியே வருவன. துடுப்போ நீரினுள் எழும் ஒலியை மரத்தின் வழியாக நேரே காதுக்குக் கொண்டு வருகின்றது; காற்றொலியிற் சிறு பங்கே அதனுட் புகும். வேண்டியதைக் கொள்ளுதல் ஒரு தொழில். வேண்டாததைக் கொள்ளாது விடுதல் மற்றொரு தொழில். இவ்விரண்டாவது தொழிலை வானலைகளின் விடயத்தில் எவ்வாறு செய்விப்பது என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

எழுவான்கரையில் நின்று படுவான்கரையை நோக்கும் ஒருவனுடைய கண்ணுக்குத் தெரிவன நீரும், கண்டற் காடும், தென்னையும், அப்பால் வயலுமே. அதே வெளியிற் கண்ணுக்குப் புலனாகாத சந்தையொன்று இரவுபகலாக நடந்துகொண்டிருக்கின்றது. பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள பட்டையில் ஒலிக்கின்றது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் 900, 1800, 2100 மெகாஹேட்ஸ் அளவிலான பட்டைகளிற் பேசுகின்றன. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் கம்பியின்றி இணையத்தை வழங்கும் வைஃபைப் பெட்டிகள் 2.4 கிகாஹேட்ஸிலும், 5 கிகாஹேட்ஸுக்குச் சற்று மேலேயும் இயங்குகின்றன. கூரைமேல் வாய்திறந்து கிடக்கும் கிண்ணங்கள் வானிலிருக்கும் செய்மதிகளின் அலைகளை ஏந்துகின்றன. மீடிறன் என்பது ஒரு செக்கனில் அலை எத்தனை முறை அதிர்கின்றது என்னும் எண்ணிக்கை. ஒரு மெகாஹேட்ஸ் என்றால் செக்கனுக்குப் பத்து இலட்சம் அதிர்வு. ஒரு கிகாஹேட்ஸ் என்றால் நூறு கோடி அதிர்வு. மீடிறன் கூடக்கூட அலையின் நீளம் குறையும். பண்பலை வானொலியின் அலை ஏறத்தாழ 3 மீற்றர் நீளமுடையது. 5 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 6 சதமமீற்றரே, அஃதாவது சுண்டுவிரல் அளவே.

இவ்வலைகளைப் பிடிக்கும் கருவியை ஊரில் ஏரியல் என்பர். பொறியியலாளர் அன்ரெனா என்பர். அலைவாங்கி என்பது பாடநூல் வழக்கு. உண்மையில் அப்பெயர் பாதியே பொருந்தும். வாங்குகின்ற அதே கருவி வழங்கவுஞ் செய்யும். ஒரு மீடிறனை வாங்க மறுக்கும் அலைவாங்கி அதனை வழங்கவும் மறுக்கும். இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

வேண்டாத அலையை விலக்கும் முயற்சி புதியதன்று. இலங்கையில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் அயலில் உள்ள வலிய நிலையத்தின் குரலை விலக்க இயலாமல், தொலைவிலுள்ள நிலையத்தோடு சேர்த்தே ஒலிக்கும். மத்திய அலையிற் செவிகொடுத்த பழைய நேயர்களுக்கு இத்துன்பம் நன்கு தெரியும். பகலில் அமைதியாயிருந்த இடத்தில், பொழுது சாய்ந்ததும் தொலைதூர நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும். நாடகத்தின் உருக்கமான கட்டத்திற் பிறமொழிப் பாட்டொன்று குறுக்கிடும். இதற்குக் கண்ட பரிகாரங்களுள் ஒன்று அலைப்பொறி. செப்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் மின்கொள்ளி ஒன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து, ஏரியல் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே வைப்பர். அவ்விணைப்புக்கென இயல்பான மீடிறன் ஒன்றுண்டு. அம்மீடிறனில் வரும் அலைக்கு அது மதில்போல் நிற்கும். ஏனைய அலைகளுக்குத் திறந்த படலையாகவே இருக்கும். எலிப்பொறி எலியை மாத்திரம் பிடித்து, வீட்டாரை நடமாட விடுவது போன்றது அது. இன்று நுண்ணிய செப்புத் தகட்டிற் செய்யப்படும் வேலையின் மூதாதை இவ்வலைப்பொறியே.

இனி, அகன்ற பட்டை என்பதன் பொருளை நோக்குவோம். மெல்லிய கம்பியாலான அலைவாங்கி யாழின் ஒற்றை நரம்பைப் போன்றது, அதன் நீளத்துக்கேற்ற ஒரு மீடிறனிலும் அதன் அண்மையிலும் நன்கு தொழிற்படும், அப்பால் மந்தமாகிவிடும். கம்பியைப் பருமனாக்கினால், அல்லது கூம்பாகவோ வட்டத் தகடாகவோ விரித்தால், மின்னோட்டம் செல்லத்தக்க வழிகள் பலவாகின்றன. வழி பலவாகவே, ஏற்கும் மீடிறன்களும் பலவாகின்றன. இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ச் இரு கூம்புகளை நுனியோடு நுனி வைத்தாற் போன்ற அலைவாங்கியை 1898ஆம் ஆண்டளவிலேயே தமது காப்புரிமை விண்ணப்பத்திற் காட்டினார். அவ்விண்ணப்பத்தின் நோக்கம் ஒரு நிலையத்தின் செய்தி இன்னொன்றோடு கலவாமற் காப்பது என்பது குறிப்பிடத்தக்கது. விரிவும் விலக்கும் பிறக்கும்போதே கூடப் பிறந்தவை. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை ஆக்கி, அவற்றைப் புனல் வடிவான உலோகக் குழலால் ஏந்தினார். 1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் அவற்றைச் செய்துங் காட்டினார். இன்றும் ஆய்வுகூடங்களிற் கையாளப்படும் கொம்பு அலைவாங்கி அப்புனலின் வழிவந்ததே.

ஒரு நூற்றாண்டு கழித்து இவ்வகன்ற பட்டைக்கு ஒரு புதிய தேவை வந்தது. 2002 பெப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பாடல் ஆணைக்குழு, 3.1 கிகாஹேட்ஸ் முதல் 10.6 கிகாஹேட்ஸ் வரையுள்ள முழு வெளியையும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. ஆனால் அதற்கு ஒரு கடும் நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மெகாஹேட்ஸ் பங்கிலும் செலுத்தத்தக்க வலு ஒரு வாற்றின் நூறு கோடியில் ஏறத்தாழ 74 பங்கே. முழுப் பட்டையையும் கூட்டினாலும் அரை மில்லிவாற்றைச் சிறிதே கடக்கும். பிறருடைய பேச்சுக்கு இடையூறாகாத முணுமுணுப்பு அது. இம்முணுமுணுப்பைக் கொண்டு ஓர் அறையில் உள்ள பொருளின் இடத்தைச் சில சதமமீற்றர் பிழைக்குள் அறியலாம். இடிபாட்டின் கீழ் அகப்பட்டவருடைய மார்பு மூச்சினால் எழுந்து தாழ்வதைக்கூடக் கண்டறியலாம். அண்மைக் காலக் கைத்தொலைபேசிகள் சிலவற்றிலும் மோட்டார் வண்டித் திறப்புகளிலும் இது குடிகொண்டுவிட்டது.

சிக்கல் எழுவதும் இங்கேதான். 3.1 முதல் 10.6 வரையுள்ள வெளி வெறும் நிலம் அன்று. நடுவே 5.15 முதல் 5.825 கிகாஹேட்ஸ் வரை வைஃபை குடியிருக்கின்றது. 3.5 கிகாஹேட்ஸை ஒட்டி வைமாக்ஸ் என்னும் இணையச் சேவை இருந்தது. இலங்கையிலும் அச்சேவை வீடுகளுக்கு வழங்கப்பட்டதுண்டு. 7.25 முதல் 7.75 வரை செய்மதியிலிருந்து இறங்கும் அலைகள் உள. வைஃபைப் பெட்டியொன்று நூறு மில்லிவாற்று அளவில் உரத்துப் பேசும். பக்கத்தில் அரை மில்லிவாற்று முணுமுணுப்பைக் கேட்க முயலும் கருவியின் நிலையை, மாமாங்கத் தீர்த்தத் திருவிழாச் சனக்கூட்டத்தில் ஒலிபெருக்கியின் கீழ் நின்று மந்திரம் கேட்க முயல்வானுடைய நிலைக்கு ஒப்பிடலாம். அகன்று கேட்கும் காது எல்லாவற்றையும் கேட்கும். அதுவே அதன் குறையும் ஆகும்.

இதற்கு அறிஞர் கண்ட வழி வியப்பூட்டுவது. புதிதாக எதனையும் சேர்க்காது, உள்ளதிற் சிறிது வெட்டி எடுப்பதே அவ்வழி. அலைவாங்கியின் செப்புத் தகட்டில் அரை மில்லிமீற்றர் அகலமும் இல்லாத ஒரு பிளவை வெட்டுகின்றனர். பிளவின் நீளம் விலக்க வேண்டிய அலையின் நீளத்திற் பாதியாக இருத்தல் வேண்டும். அவ்வலை வரும்போது பிளவைச் சுற்றி மின்னோட்டம் பரிவு கொள்ளும். பிளவின் இரு விளிம்புகளிலும் ஓட்டம் எதிரெதிர்த் திசைகளிற் பாயும். அவை தொலைவில் எழுப்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். வெளியே செல்ல வழியில்லாத வலு, வந்த கம்பி வழியே திரும்பிவிடும். ஏனைய மீடிறன்களுக்குப் பிளவு ஒன்று இருப்பதே தெரியாது. நன்கு அமைந்த அலைவாங்கியில் வேண்டிய பட்டை முழுவதிலும், அனுப்பிய வலுவில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் திரும்பலாகாது என்பது பொறியியலாளர் வைத்த அளவு. விலக்கும் பட்டையிலோ பெரும்பங்கு திரும்ப வேண்டும்.

நீளத்துக்கும் மீடிறனுக்கும் உள்ள இவ்வுறவு மட்டக்களப்பு மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவிற் பிறந்து விஞ்ஞான ஆசிரியராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அங்கே நரம்பு; இங்கே பிளவு. அங்கே காற்றில் ஒலி. இங்கே வெளியில் மின்காந்த அலை. கணக்கின் எலும்புக்கூடு ஒன்றே.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டாற் பார்க்கலாம். 5.5 கிகாஹேட்ஸ் அலையை விலக்க வேண்டும் என்க. ஒளியின் வேகம் செக்கனுக்கு 30 கோடி மீற்றர். அதனை 550 கோடியால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 54.5 மில்லிமீற்றர். அதிற் பாதி 27.3. ஆனால் செப்புத் தகடு வெறும் காற்றில் நிற்பதன்று. கண்ணாடி இழையாலான பலகையின் மேல் ஒட்டியிருப்பது. அப்பலகையில் அலை மெதுவாகச் செல்லும். பலகையின் இயல்பைக் குறிக்கும் எண் 4.4, அலையின் பாதி பலகையிலும் பாதி காற்றிலும் இருப்பதால் 4.4ஐயும் காற்றின் எண்ணாகிய 1ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 2.7 வரும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.64. 27.3ஐ இதனால் வகுக்க, பிளவின் நீளம் 16.6 மில்லிமீற்றர் என்று கிடைக்கும். 3.5 கிகாஹேட்ஸுக்கு இவ்வாறே கணக்கிட்டால் 26 மில்லிமீற்றரும், 7.5க்கு 12 மில்லிமீற்றரும் வரும். இவை முதற்கணக்குகள், பின்னர்க் கணினியிலும் அளவைக் கருவியிலும் சரிபார்த்துத் திருத்த வேண்டியவை. எனினும், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் என்பவற்றுக்கு அப்பால் இங்கே ஒன்றும் இல்லை. படுவான்கரைப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மாணவன் கரும்பலகையில் ஐந்து வரியில் இதனைச் செய்து முடிப்பான். இவ்விஞ்ஞானம் பெருநகரங்களுக்கும் பிற தேசங்களுக்கும் உரியதென்று அம்மாணவனுக்குச் சொல்லாமலே சொல்லி வைத்திருக்கும் வழக்கம் வருந்தத்தக்கது.

16.6 மில்லிமீற்றர் நீளமுள்ள பிளவைச் சிறு தகட்டில் எங்கே வைப்பது? 3.1 கிகாஹேட்ஸில் தொடங்கும் அலைவாங்கி முழுவதுமே தீப்பெட்டியின் முகப்பளவுக்குள் அடங்க வேண்டும் என்பது இக்காலத்துக் கட்டளை. ஆகவே பிளவை மடிக்கின்றனர். தமிழ் எழுத்தாகிய 'ப'வைப் போல மூன்று பக்கமாக மடித்து வெட்டினால் நீளமும் குன்றாது, இடமும் மிஞ்சும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'ப' வெட்டினால் இரண்டு பட்டைகள் விலகும். மூன்றாவதைத் தகட்டுக்கு ஊட்டும் செப்புக் கோட்டிலோ, பலகையின் பின்புறத் தரைத்தகட்டிலோ வைப்பர். இந்தியாவின் பொறியியற் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வகை வடிவங்கள் ஏராளம். அவற்றுட் சில, வெறும் கோலம்போடும் ஆர்வத்தால் எழுந்தனவோ என்று ஐயுறத்தக்கன; பிளவைச் சற்று வளைத்துவிட்டுப் புதுவடிவம் என்று கூறுவனவும் உண்டு. நல்லனவற்றை அறிய ஒரு வழி, ஆக்கியோர் தாம் வெட்டிய பலகையை உண்மையாக அளந்து பார்த்தனரா, கணினிப் படத்தோடு நின்றுவிட்டனரா என்று நோக்குவது.

வடிகட்டி என்னும் தனிக் கருவியை வைத்தால் ஆகாதா என்று நேயர்கள் வினவலாம். ஆகும், வலிமையாக விலக்க வேண்டிய இடத்தில் வடிகட்டியே வேண்டும். பிளவின் வேலை செலவில்லாதது, இடம் பிடிக்காதது. ஆனால் முழு மதிலன்று, வேலியே. இவ்வேறுபாட்டை விளக்க அண்மை நிகழ்ச்சியொன்று போதும். விமானம் தரையிறங்கும்போது தான் நிலத்துக்கு எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை 4.2 முதல் 4.4 கிகாஹேட்ஸ் வரையுள்ள அலையால் அளக்கின்றது. அமெரிக்காவில் 3.7 முதல் 3.98 வரையுள்ள பட்டை ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிக்கு வழங்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. ஆயினும் பழைய உயரமானிகள் அயலானின் குரலையும் கேட்கும் அகன்ற காதுடையன. 2022 ஜனவரி 19ஆம் நாள் அச்சேவை தொடங்கவிருந்தபோது, எயர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் அமெரிக்கப் பயணங்கள் சிலவற்றை நிறுத்தின. கோபுரங்கள் விமான நிலையங்களின் அருகே அடக்கி வாசிக்க ஒப்பின; பின்னர் விமானங்களுக்கு வடிகட்டிகள் பூட்டப்பட்டன. தொடக்கத்திலேயே விலக்கத் தெரிந்த கருவியாயிருப்பின் இத்தனை தொல்லை நேர்ந்திராது.

கீழ்க்கரைக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்தோர் மறவார். தென்னந்தோப்புகள் நிரைநிரையாகச் சாய்ந்தன. தந்திக் கம்பங்களும் தொலைபேசிக் கம்பிகளும் வீழ்ந்தன. இன்று சூறாவளியின் உள்ளமைப்பை முன்கூட்டிக் காணும் கருவி வானிலை ராடர். உலகில் அத்தகைய ராடர்கள் பல 5.6 கிகாஹேட்ஸை ஒட்டி இயங்குகின்றன. அதாவது வைஃபையின் வீட்டுக்குள்ளேயே ராடரின் அறையும் உள்ளது. 2009ஆம் ஆண்டளவில், சூறாவளிகளுக்குப் பேர்போன புவேட்டோ ரிக்கோத் தீவின் சான் குவான் நகரில், விமான நிலைய ராடரின் திரையில் மழையில்லாத இடத்தில் மழைபோன்ற கோடுகள் தோன்றின. ஆராய்ந்தபோது அயலிலுள்ள கம்பியில்லா இணையக் கருவிகளே காரணம் எனத் தெரிந்தது. வாங்காத அலைவாங்கி வழங்கவும் மாட்டாது என்று முன்னர்க் கூறப்பட்டது இங்கே நினைவுகூரத்தக்கது. இங்கே குற்றம் கேட்ட ராடரில் இல்லை. பேசிய கருவியில் இருந்தது. ராடர் இருக்கும் நாட்டில் விற்கப்படும் வைஃபைப் பெட்டி ராடரின் குரலைக் கேட்டால் அப்பட்டையை விட்டு விலகவேண்டும் என்று விதி உண்டு. அவ்விதியை அணைத்துவிடும் பொத்தான் கருவிகளில் இருப்பதும், அதனை அமுக்குவோர் இருப்பதும் உலக வழக்கு.

இனி, பல வாயில்கள் என்பதை நோக்குவோம். ஒரே பலகையில் இரண்டு அல்லது நான்கு அலைவாங்கிகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி பொருத்துவதே பல வாயில் அமைப்பு. ஊருக்குள், கட்டடங்களுக்கு இடையே, அலை ஒரே வழியில் வருவதில்லை. சுவரிற் பட்டும், தகரக் கூரையிற் பட்டும், நேரேயும் வரும். ஒரு வாயிலில் அவை கூடி வலுப்பெறும். சில விரற்கடை தள்ளி மற்றொரு வாயிலில் அழிந்து மெலியும். இரு வாயில்களும் சேர்ந்தால் ஒன்று தளர்ந்தபோது மற்றது தாங்கும். நல்ல வேளையில் இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சுமந்து வேகத்தை இரட்டிக்கவுஞ் செய்யும்.

வாவியின் குறுக்கே நிலைமை வேறு. அங்கே சுவர் இல்லை. அமைதியான நீர்ப்பரப்பு ஒன்றே கண்ணாடிபோல் நிற்கும். எழுவான்கரையில் 30 மீற்றர் உயரக் கோபுரம், 3 கிலோமீற்றர் அப்பால் படுவான்கரையில் 3 மீற்றர் உயரத்தில் ஏரியல் என்று கொள்க. நேரே வரும் அலைக்கும் நீரிற் பட்டு வரும் அலைக்கும் வழிநீளத்தில் உள்ள வேறுபாடு 6 சதமமீற்றர். 5 கிகாஹேட்ஸ் அலையின் நீளமும் 6 சதமமீற்றர். நீரிற் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் அலை தலைகீழாகப் புரளும் ஆதலின், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கோபுரம் கண்முன்னே தெரிந்தும் செய்தி வராது. தீப்பெட்டியளவுப் பலகையில் உள்ள இரு வாயில்கள் இதற்குப் பெரிதும் உதவா. ஏரியலைப் பாதி உயரத்துக்கு இறக்கினால் அலைகள் கூடும். ஆனால் அகன்ற பட்டை உதவும். அதே உயரத்தில் 7.5 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 4 சதமமீற்றர். 6 என்பது அதன் ஒன்றரை மடங்கு. புரண்ட அலையும் நேரலையும் அங்கே கைகோத்து வலுப்பெறும். ஒரு மீடிறனை நீர் விழுங்கினால் இன்னொன்றைக் கொடுக்கும் என்பதே வாவி தரும் பாடம். அரை மில்லிவாற்று முணுமுணுப்பு வாவியைக் கடவாது என்பது உண்மையே. ஆயினும் அகன்ற பட்டை அலைவாங்கி அம்முணுமுணுப்புக்கு மாத்திரம் உரியதன்று. உரிமம் பெற்ற வலிய சேவைகளுக்கும் அது பொதுவானது.

பல வாயில்களை நெருக்கி வைப்பதில் உள்ள இடர், ஒன்று பேசுவதை மற்றது கேட்டுவிடுதல். சிறு தோணியில் இருவர் முதுகோடு முதுகு மோத வலித்தால் துடுப்போடு துடுப்பு சிக்குவது போன்றது அது. ஒரு வாயிலிற் செலுத்திய வலுவில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் மற்றதிற் புகலாகாது என்பது நல்ல அமைப்பின் இலக்கணம். இடமிருப்பின் விலக்கி வைக்கலாம், இடமில்லையே! ஆதலால் ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் செங்கோணத்தில் வைக்கின்றனர். நெடுக்கே அதிரும் அலை குறுக்கே கிடக்கும் செம்பை அசைப்பதரிது. இரண்டுக்கும் நடுவே பின்புறத் தரைத்தகட்டிலிருந்து ஒரு சிறு செப்பு நாக்கை நீட்டிவிடின், ஒழுகிச் செல்லும் ஓட்டத்தை அது தன்பால் இழுத்துக்கொள்ளும். விலக்கும் பிளவோடு இந்நாக்கும் சேரும்போது ஒன்றன் கணக்கை மற்றது குழப்பும். வடிவமைப்போனுடைய நாட்களில் பெரும்பகுதி இக்குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே கழியும்.

வெட்டிய பிளவை மூடுதல் எளிதன்று என்பதும் கருதத்தக்கது. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் 3.5 கிகாஹேட்ஸை வைமாக்ஸ் என்று கூறி விலக்கின. வைமாக்ஸ் பெரும்பாலும் மறைந்தது. அதே பட்டை இன்று உலகின் பல நாடுகளில் ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசியின் நடுவீடாகிவிட்டது. நேற்று இடையூறு என்று தள்ளியதே இன்று விருந்தாளி, கதவோ அடைத்தபடி. இதற்காகப் பிளவின் நடுவே மிகச் சிறு இருவாயி ஒன்றைப் பொருத்துகின்றனர். அதற்கு மின்னூட்டினால் பிளவின் இரு கரையும் இணைந்து, விலக்கு நின்றுவிடும். ஊட்டாவிடின் விலக்கு மீளும். முகத்துவாரத்து மணற்றிட்டை வேண்டும்போது வெட்டிவிடுவதை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு விளங்கும்.

கடைசியாக, வாவிக்கரைக்கே உரிய ஓர் இடர். உப்புக் காற்று செம்பை அரிக்கும் என்பது யாவரும் அறிந்தது. அரை மில்லிமீற்றர்ப் பிளவில் அவ்வுப்பு ஈரத்தோடு படிந்தால் வேறொன்றும் நிகழும். பலகையின் எண் 4.4 என்று கண்டோம். நீரின் எண் ஏறத்தாழ 80. பிளவில் நீர் நின்றால் அலை அங்கே மேலும் மெதுவாகும், வெட்டியவன் 5.5இல் வைத்த விலக்கு தாழ்ந்த மீடிறனுக்கு நழுவும். உப்பு நீர் மின்னைக் கடத்துவதால் விலக்கின் ஆழமுங் குறையும். அங்ஙனமாயின் வைஃபையின் கூச்சல் உள்ளே நுழையும். விலக்கவேண்டாத நல்ல அலையோ வெளியே தள்ளப்படும். பலகைக்கு மேல் மெல்லிய பிசின் பூச்சுப் பூசி இதனைத் தடுக்கலாம். அப்பூச்சுக்கும் ஓர் எண் உண்டாகையால், அதுவும் விலக்கைச் சற்றே கீழே இழுக்கும். எனவே, பூச்சுப் பூசிப் படுவான்கரைக்கு அனுப்பும் பலகையில் 16.6 மில்லிமீற்றர்ப் பிளவைச் சற்றுக் குறைத்து வெட்டி, பூச்சு உலர்ந்த பின்னரே அளந்து பார்த்தல் வேண்டும்.